ஆதிரையின் இல்லம்: மணிமேகலைக் காப்பியத்தில் முறிவும் மறுவாழ்வும்

முன்னுரை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை ஒரு துறவுக் காப்பியம். பற்றே துன்பத்திற்கு வேர் என்பதும், பற்றறுத்தலே விடுதலை என்பதும் அதன் முப்பது காதைகளிலும் ஊடோடும் கருத்து. கோவலனை இழந்த மாதவி துறவு பூணுகிறாள். அவள் மகள் மணிமேகலை, தன்னை விரும்பிய அரசிளங்குமரனை விலக்கிப் பிக்குணிக் கோலம் கொள்கிறாள். இத்தகைய காப்பியத்தில், உலகத்தின் பசி தீர்க்கும் அமுதசுரபியில் முதற்பிச்சை இட வேண்டியவர் யார் என்ற வினா எழும்போது எதிர்பாராத விடை கிடைக்கிறது. முதற்பிச்சை இடுபவள் துறவி அல்லள், அரசியும் அல்லள். பரத்தையிடம் சென்ற கணவனைப் பிரிந்து, அவன் கடலில் இறந்தான் எனக் கேட்டுத் தீப்புகுந்து, பின்னர் அவனோடு மீண்டும் இல்லறம் நடத்தும் ஒரு வணிகன் மனைவி. அவள் பெயர் ஆதிரை.

துறவைப் போற்றும் ஒரு நூல், உடைந்து மீண்டும் கட்டப்பட்ட ஓர் இல்லத்தின் வாயிலில் தன் தலைவியை ஏன் நிறுத்த வேண்டும்? பதினாறாம் காதையான ஆதிரை பிச்சையிட்ட காதை பெரும்பாலும் கற்பின் பெருமையை விளக்கும் கிளைக்கதையாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. தீயும் சுடாத கற்பு என்ற ஒரு தொடருக்குள் அக்காதை அடக்கப்படும்போது, அதன் பெரும்பகுதியை நிறைத்து நிற்கும் சாதுவனின் கடற்பயணமும் நாகர் தலைவனோடு அவன் நிகழ்த்தும் உரையாடலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. முறிந்த வாழ்வு எவ்வாறு மீண்டும் கட்டப்படுகிறது என்ற வினாவை முன்வைத்து அக்காதையை மறுவாசிப்புச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூடுதல் நிகழ்வதற்கு முன்பே கணவன் மனைவி இருவரும் தனித்தனியே தம் வாழ்வைக் கட்டத் தொடங்கிவிட்டனர் என்பதும், அதனாலேயே அக்கூடுதலைச் சொல்லக் காப்பியத்திற்கு மிகச் சில சொற்களே தேவைப்பட்டன என்பதும் இங்கு நிறுவப்படும்.

ஒருவனிடம் இரு பிரிவுகள்

சாதுவன் ஆதிரையை நீங்கிக் கணிகை ஒருத்தியின் இல்லத்தை அடைகிறான். அவள் அளித்த உணவை உண்டு, வட்டாடியும் சூதாடியும் செல்வம் முழுவதையும் தொலைக்கிறான். பொருள் தீர்ந்ததும், பொருளுடைய பிறரைக் காட்டி, கையில் காசில்லாதவன் என்று கூறி அவள் அவனை வெளியேற்றுகிறாள். அதன்பின் அவன் கடல்வணிகரோடு கலம் ஏறுகிறான்.

அக இலக்கண மரபில் தலைவனின் பரத்தையிற் பிரிவும் பொருள்வயிற் பிரிவும் வெவ்வேறானவை. முன்னது மருதத்தின் ஊடலுக்கு நிமித்தமாவது. பின்னது பாலையின் வெம்மையைத் தலைவியின் மனத்தில் எழுப்புவது. கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியம் கூறும் விதி. சாத்தனார் இவ்விரு பிரிவுகளையும் ஒரே மனிதனிடம் அடுத்தடுத்து நிகழச் செய்கிறார். பரத்தையிற் பிரிந்த தலைவன் மருதத்தில் இல்லம் திரும்புவான். பாணனோ தோழியோ புதல்வனோ வாயிலாக நின்று தலைவியின் ஊடலைத் தணிப்பர். சாதுவனோ அவ்வாறு திரும்பவில்லை. அவன் வீட்டின் வாயிலைக் கடந்து துறைமுகத்திற்குச் செல்கிறான்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையை உடன்வைத்து நோக்குதல் பயன் தரும். கோவலனும் பொருள் இழந்தவனே. அவன் கண்ணகியிடம் திரும்பி வந்து, குலத்தார் ஈட்டிய செல்வத்தைத் தொலைத்த நாணத்தை வெளியிடுகிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் வேண்டி வந்தானோ என எண்ணிய கண்ணகி தன் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அச்சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் இழந்ததை ஈட்டலாம் என அவன் துணிகிறான். விடியுமுன்னே இருவரும் புறப்படுகின்றனர். அம்மறுவாழ்வின் முதலீடு மனைவியின் காலணி. பிரிவுக்காலத்தில் அவள் இழக்காமல் வைத்திருந்த ஒன்றே அவன் கையில் முதலாகி, மதுரையில் அவன் உயிருக்கே இறுதியாகிறது.

சாதுவன் கலம் ஏறும்போது அவன் கையில் மனைவியின் பொருள் எதுவும் இருந்ததாகக் காப்பியம் கூறவில்லை. தான் விளைத்த இழப்பை ஈடுசெய்ய அவளிடமே கையேந்தாத ஒருவனாகவே அவன் புறப்படுகிறான். இச்செயலை உயர்ந்த உள்ளத்தின் வெளிப்பாடு எனப் புகழ்வதற்கு நூலில் சான்றில்லை. நாணமாகவோ முரட்டுத்தனமாகவோ கூட அது இருக்கலாம். எனினும் இரு கதைகளும் பிரியும் முதற்புள்ளி இதுவே. கோவலன் மனைவியைத் தன் மறுவாழ்வுத் திட்டத்திற்குள் உடனழைத்துச் செல்கிறான். சாதுவனோ தன் தவற்றின் சுமையைத் தனியே சுமந்து செல்கிறான்.

தீயினின்றும் மீளல்

நள்ளிரவில் வீசிய காற்றில் கலம் உடைகிறது. தப்பிப் புகார் திரும்பியோர், இறந்தவர்களோடு சாதுவனும் இறந்தான் என்று கூறுகின்றனர். அச்செய்தி கேட்ட ஆதிரை, ஊராரை விளித்து ஈமத் தீ மூட்டித் தருமாறு வேண்டுகிறாள். சுடுகாட்டில் குழியமைத்து மூட்டிய தீயில் அவள் புகுகிறாள். தீ அவளைத் தீண்டவில்லை. படுக்கையும் உடுத்த ஆடையும் எரியவில்லை; பூசிய சந்தனம் உலரவில்லை; சூடிய மாலை நிறம் மாறவில்லை. தாமரையில் அமர்ந்த திருமகள் போல அவள் தீயினுள் இருக்கிறாள். தீயும் கொல்லாத தீவினை உடையவளானேனே, இனி என் செய்வேன் என அவள் ஏங்குகிறாள்.

இக்காட்சியின் பொருளை உணர இரண்டாம் காதைக்குச் செல்ல வேண்டும். அங்கு மாதவி வயந்தமாலையிடம் கணவனை இழந்த மகளிரின் மூவகை நிலையைக் கூறுகிறாள். துயரம் தாளாது உடனே உயிர் விடுவோர் முதல்வகை; தீயில் புகுவோர் இரண்டாம் வகை; மறுமையில் கணவனோடு கூடி வாழ நோன்பு நோற்று உடல் வருத்துவோர் மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாம் வகையைக் குறிக்கும்போது, நன்னீர்ப் பொய்கையில் இறங்குவதுபோல் அவர்கள் தீயில் இறங்குவர் என்ற உவமையை மாதவி ஆள்கிறாள். இவ்வுவமை சாத்தனார் புதிதாகப் படைத்ததன்று. பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246ஆம் பாடலிலும், கணவனை இழந்தவளுக்குத் தாமரைப் பொய்கையும் தீயும் ஒன்றே என்ற கருத்து அமைந்துள்ளது. தீயைப் பொய்கையாகக் காணும் மரபு சாத்தனாருக்கு முன்னரே வேரூன்றியிருந்தது.

ஆதிரையின் கதையில் அதே உவமை திசை மாறுகிறது. கணவன் உயிருடன் உள்ளான். அலைகள் அவனை நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்த்துள்ளன. சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் அவன் திரும்புவான் என்று அசரீரி உரைக்கிறது. உடனே ஆதிரை பொய்கையில் நீராடி வெளிவருபவள்போலத் தீயினின்றும் வெளிவந்து, மனக்கவலை நீங்கி இல்லம் புகுகிறாள். மரபில் பொய்கை, உள்ளே செல்வதற்கான உவமை. சாத்தனார் அதனை வெளியே வருவதற்கான உவமையாக்குகிறார். இறப்பின் உருவகமாக நின்ற நீர், இங்கு நீராடி எழும் வாழ்வின் உருவகமாகிறது. மாதவி கூறிய மூவகையில் எதற்கும் உட்படாத நான்காம் வழியொன்று ஆதிரைக்குத் திறக்கிறது. அது வீடு திரும்பும் வழி.

வீடு திரும்பிய ஆதிரை வாளா காத்திருக்கவில்லை. கணவன் விரைவில் வருக என்ற வேட்கையோடு இடையறாது நல்வினைகளைச் செய்கிறாள் என்கிறது காப்பியம். அவ்வறத்தின் நோக்கம் கணவனின் வருகையே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோக்கம் எதுவாயினும், அறம் நிகழ்ந்தது அவன் இல்லாத வீட்டில். இதன் அருமையைக் கண்ணகியின் சொற்கள் புலப்படுத்துகின்றன. மாதரி அளித்த மனையில் உணவு சமைத்துக் கோவலனுக்குப் படைத்தபின், அறவோர்க்கு அளித்தலும் அந்தணரைப் பேணலும் துறவோரை எதிர்கொள்ளலும் விருந்தோம்பலும் தனக்கு இல்லாமற் போயின எனக் கண்ணகி கூறுகிறாள். கணவன் உடனில்லாத மனையில் மனைவி இல்லறக் கடமைகளைத் தனியே ஆற்ற இயலாது என்ற மரபின் வலி அச்சொற்களில் உள்ளது. ஆதிரை அவ்வரம்பைத் தாண்டுகிறாள். கண்ணகியின் அச்சொற்கள் இடம்பெறும் கொலைக்களக் காதையும் சிலப்பதிகாரத்தில் பதினாறாம் காதையே. எண்ணின் ஒற்றுமை தற்செயலாகலாம். ஆனால் ஒரு பதினாறாம் காதையில் கொடுக்க இயலாமற் போன மனைவியும், மற்றொரு பதினாறாம் காதையில் முதற்பிச்சை இடும் மனைவியும் எதிரெதிரே நிற்பது கருதத்தக்கது.

தீவில் பயன்பட்ட மொழி

ஒடிந்த மரத்தைப் பற்றிக் கரையேறிய சாதுவன், நாகர் மலையில் ஒரு மரத்தடியில் களைத்து உறங்குகிறான். ஆடையின்றித் திரியும் நாகர் அவனைக் காண்கின்றனர். தனியே வந்த அவன் உடல் தமக்கு உணவாகும் என எழுப்புகின்றனர். அவர்தம் மொழியை ஐயமறக் கற்றிருந்தமையால் அவன் அவர்களோடு பேசுகிறான். பேச்சு கேட்டதும் அவர்கள் விலகி வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். உணவாக இருந்தவன் விருந்தாவதற்கு இடைநின்றது மொழி ஒன்றே.

கள் காய்ச்சும் கலங்களும் புலால் நாற்றமும் எலும்புக் குவியலும் சூழ்ந்த இடத்தில், பிணவோடு இருக்கும் கரடியைப் போலத் தலைவன் தன் மனைவியோடு இருக்கிறான். இவ்வுவமையில் இகழ்ச்சி உள்ளது. எனினும் எல்லாம் இழந்து வந்தவன் அத்தீவில் காணும் முதற்பெருங்காட்சி ஒரு கணவனும் மனைவியும் உடனிருக்கும் காட்சி என்பதையும் கவனித்தல் வேண்டும். சாதுவனின் துன்பத்தைக் கேட்ட தலைவன், உணவின்றிக் கடலில் உழன்றவன் இரங்கத்தக்கவன் என்று தன் மக்களுக்குக் கூறுகிறான். அத்தீவில் அருளின் முதற்சொல் வருவது அறம் உரைக்கப் போகும் சாதுவனிடமிருந்தன்று; மனிதரை உண்ணும் கூட்டத்தின் தலைவனிடமிருந்தே. இதனை நோக்காது, நாகரிகமுடைய ஒருவன் நாகரிகமற்றோரைத் திருத்திய கதையாக மட்டும் இப்பகுதியை வாசிப்பது பிழையாகும்.

தலைவன் சாதுவனுக்கு இளம்பெண் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கப் பணிக்கிறான். பெயரற்ற அப்பெண்ணின் விருப்பத்தை எவரும் வினவவில்லை, காப்பியமும் வினவவில்லை. சாதுவன் அக்கொடையைக் கடுஞ்சொல் எனக் கருதி மறுக்கிறான். பெண்ணும் உணவும் இல்லையெனில் இவ்வுலக வாழ்வில் மனிதர் பெறும் பயன் என்ன எனத் தலைவன் சினந்து வினவுகிறான். இவ்வினாவுக்குச் சாதுவன் தரும் விடையில் ஒரு நுட்பம் உள்ளது. கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் விலக்கிய காரணத்தை அவன் விளக்குகிறான். பிறப்பும் இறப்பும் உறங்குதலும் விழித்தலும் போன்றவை என்கிறான். உடலைவிட்டு நீங்கிய உயிர் வேறிடம் அடைவதைப் பற்றித் தலைவன் நகைத்துக் கேட்கும் கேள்விக்கும் காட்டுத் தந்து விடையளிக்கிறான். ஆனால் பெண்ணை ஏன் மறுத்தான் என்பதற்கு மட்டும் அவன் தனியே விளக்கம் கூறவில்லை.

இவ்விடத்துச் சாதுவன் ஆதிரையின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு மனைவி உண்டு என்றும் கூறவில்லை. அறநூல் வழியில் எல்லாவற்றிற்கும் காரணம் கூறும் ஒருவன், தன் உள்ளத்துக்கு மிக நெருங்கிய ஒன்றில் மௌனம் காக்கிறான். கணிகையின் இல்லத்தில் கேளாமலே நுழைந்தவன், கேளாமலே கொடுக்கப்பட்ட பெண்ணை இங்கு மறுக்கிறான். அவன் மாற்றத்திற்கு நூலில் உள்ள சான்று அவன் பேசிய அறவுரையினும் இம்மறுப்பே. காதல் என்ற சொல் எங்கும் வாராத இப்பகுதியில், ஆதிரைமேல் அவன் கொண்ட காதல் சொல்லாமற்சொல்லி நிற்கிறது.

இதே காப்பியத்தில் வேறொருவனும் தீவில் தனித்து விடப்படுகிறான். அமுதசுரபியை முதலில் பெற்ற ஆபுத்திரன், பசித்தோரைத் தேடிச் சாவகம் நோக்கிக் கலம் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கிய அவன் ஏறிவிட்டான் எனக் கருதி, கலம் இரவில் போய்விடுகிறது. ஆளில்லாத் தீவில், பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தால் தன்னுயிர் மட்டும் காத்தல் தகாது எனக் கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். ஆபுத்திரனின் தீவில் உணவுண்டு, கொடுப்பதற்கு ஆளில்லை. சாதுவனின் தீவில் ஆளுண்டு, ஆனால் அவனே அவர்களுக்கு உணவாகும் நிலை. முன்னவன் இறக்க, பின்னவன் பிழைக்கிறான். தனிமையில் எவ்வளவு வளம் இருப்பினும் வாழ்வு மீளாது என்பதையும், எத்தகைய கொடியோரிடையேயும் பேச்சுக்கு இடமிருப்பின் வாழ்வு மீளும் என்பதையும் இவ்விரு தீவுகளும் இணைந்து உணர்த்துகின்றன. தாயகம் நீங்கிப் பிறமொழி வழங்கும் நாடுகளில் வாழ்வைக் கட்டியெழுப்பிய தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று.

திரும்பி வந்த செல்வம்

தமக்கு இயலக்கூடிய அறம் எதுவெனத் தலைவன் வினவ, கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாது காத்தலையும், மூத்து இறந்த விலங்கின் ஊனை அன்றி உயிர்க்கொலை செய்யாமையையும் சாதுவன் கூறுகிறான். கேட்போரின் வாழ்வுக்கு ஏற்ப அளந்து கூறப்பட்ட அறம் இது. அதற்குக் கைம்மாறாகத் தலைவன் நறுமண மரங்களையும் மெல்லிய ஆடைகளையும் பெருஞ்செல்வக் குவியலையும் காட்டி, முன்பு கலம் கவிழ்ந்து வந்தோரை உண்டபோது அவர்களிடமிருந்து கிடைத்தவை இவை, எடுத்துச் செல்க என்கிறான்.

சாதுவன் புகாருக்குக் கொண்டு வரும் செல்வத்தின் தோற்றுவாய் இதுவே. அவன் இழந்தது சூதில் கரைந்தது. அவனுக்குக் கிடைத்ததோ பிறருடைய இழப்பு. அச்செல்வத்தின் உரியவர்களுக்கும் எங்கோ ஓர் ஆதிரை காத்திருந்திருப்பாள். அவர்களுக்கு அசரீரி எதுவும் நற்செய்தி கூறியிருக்காது. மறுவாழ்வு என்பது இழந்தவற்றைத் திரும்பப் பெறுதல் எனக் கருதுவோர் இவ்விடத்தில் தயங்க வேண்டியவராகின்றனர். சாதுவன் ஊர் திரும்பி ஆதிரையோடு வாழ்ந்து பல தானங்கள் செய்தான் எனக் காப்பியம் முடிக்கிறது. அத்தானத்தைச் செல்வர்க்குரிய வழமையான அறமாகக் கொள்ளலாம். ஆனால் இறந்தோரிடமிருந்து வந்த செல்வத்தை இரப்போருக்குப் பகிர்ந்தளிக்கும் கடனாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. பிழைத்தவர் பிழைக்காதவர்க்குச் செலுத்தும் கடன் அது. காப்பியம் இதனை வெளிப்படக் கூறவில்லையாயினும், செல்வத்தின் தோற்றுவாயைத் தலைவனின் வாயால் ஒளிவின்றிக் கூறவைத்திருப்பது பொருளற்றதாகாது.

கூடாமற்போன இணை

ஆதிரையின் கதையை மணிமேகலைக்குக் கூறுபவள் காயசண்டிகை. அவள் ஒரு விஞ்சை மகள். விருச்சிக முனிவன் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால், பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப்பசியோடு வாழச் சாபம் பெற்றவள். கொடையாளர் மிகுந்த புகாரில் தங்குமாறு கூறிய அவள் கணவன் காஞ்சனன், ஆண்டுதோறும் இந்திர விழா நாளில் வந்து அவளைக் கண்டு செல்கிறான். கணவன் மீண்ட கதையைச் சொல்பவள், தானும் கணவனோடு கூடும் நாளை எண்ணிக் காத்திருப்பவள் என்பது அக்கதை கூறலுக்கு ஒரு தனி ஏக்கத்தைத் தருகிறது.

அவ்வேக்கம் நிறைவேறவில்லை. அமுதசுரபியின் உணவால் பசி நீங்கிய காயசண்டிகை வான்வழியே தன் ஊர் திரும்புகையில், விந்த மலையைக் காக்கும் விந்தாகடிகையால் விழுங்கப்படுகிறாள். அதனை அறியாத காஞ்சனன் புகாருக்கு வருகிறான். காயசண்டிகையின் உருவம் கொண்டிருந்த மணிமேகலையைத் தன் மனைவி எனக் கருதுகிறான். அவள் தன்னைப் பாராது உதயகுமரனோடு பேசுவது கண்டு பொறாமை கொண்டு, அவனை வாளால் வெட்டுகிறான். நிகழ்ந்ததைக் கந்திற்பாவை கூறிய பின்னரே மனைவியின் மறைவை அறிகிறான்.

காஞ்சனன் தீயவன் அல்லன். பன்னிரண்டாண்டு பொறுத்தவன், ஆண்டுதோறும் வந்தவன், பரத்தையை நாடாதவன். நிறைந்த அன்பின் அளவுகோல் கொண்டு நோக்கின் அவன் சாதுவனிலும் உயர்ந்தவன். ஆயினும் அவன் காத்திருந்தது தான் முன்பு கண்ட அதே உருவத்திற்காக. அவ்வுருவம் தன்னை ஏற்காதபோது வினவி அறியும் பொறுமை அவனிடம் இல்லை. நாகரின் நடுவே உரையாடிப் பிழைத்த சாதுவனும், உண்மையை வினவி அறியாது வாளெடுத்த காஞ்சனனும் ஒரே காப்பியத்தின் இரு கணவர்கள். பிரிவு மனிதரை மாற்றிவிடும். மாறிய ஒருவரை மீண்டும் அறிந்துகொள்ள முயலாத அன்பு, நீண்டதாயினும் வாழ்வைக் கட்டாது என்பது இவ்விணை தரும் படிப்பினை.

சொல்லப்படாத ஊடல்

இவ்வளவும் கூறியபின் இக்காதையின் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடமை. சாதுவனின் பயணம், உரையாடல், அறவுரை அனைத்தும் விரிவாக உரைக்கப்படுகின்றன. ஆதிரையின் குரல் மிகச் சில இடங்களிலேயே கேட்கிறது. கணவன் இறந்தான் எனக் கருதிய வேளையில் அது இறப்பை வேண்டியே ஒலிக்கிறது. தன்னை நீங்கிப் பிறளொருத்தியின் இல்லம் சென்ற கணவனைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கூறவில்லை. கண்ணகிகூடக் கொலைக்களக் காதையில், பெரியோர் போற்றாத ஒழுக்கத்தைக் கோவலன் மேற்கொண்டதை நேரே சுட்டிக் கூறுகிறாள். அகப்பாடல்களின் தலைவியோ வாயில் மறுத்து ஊடுகிறாள். ஆதிரைக்கு அவ்வுரிமை வழங்கப்படவில்லை.

சாதுவன் வீட்டு வாயிலில் நின்ற கணத்தில் ஆதிரை என்ன கூறினாள்? அவன் என்ன கூறினான்? காப்பியம் இவ்விடத்தில் விரைந்து கடக்கிறது. இவளொடு வாழ்ந்தான் என்னும் அளவே கூற்று. இச்சுருக்கத்தை இருவகையாக விளங்கிக்கொள்ளலாம். மன்னிப்பு மனைவியின் இயல்பான கடமை, அதனைப் பேச வேண்டியதில்லை என்ற மரபின் மேலாண்மை இதில் உண்டு என்பது ஒன்று. இருவரும் தனித்தனியே கடந்து வந்த தீயும் கடலும் பேச வேண்டியவற்றைப் பேசிவிட்டன என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை மறுக்க இயலாது. ஆயினும் இரண்டாம் விளக்கத்திற்கும் கதையமைப்பில் இடமுண்டு. கோவலனின் கழிவிரக்கம் சொற்களாகப் பெருகுகிறது. சாதுவனின் மாற்றம் செயலாகவே காட்டப்படுகிறது. நெடிய உரைகளால் கட்டப்படும் நல்லிணக்கத்தினும், நெடிய செயல்களால் கட்டப்படுவது உறுதியுடையது என்ற கருத்தை அவ்வமைப்பு தாங்கி நிற்கிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. ஆதிரையின் வாழ்வு மீள்வதற்கு அசரீரி ஒன்று தேவைப்பட்டது. கணவன் இருக்கிறான், எங்கிருக்கிறான், யாருடைய கலத்தில் வருவான் என்பன அனைத்தும் அவளுக்குக் கூறப்பட்டன. 2009இல் முடிவுற்ற இலங்கைப் போரில் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர்க்கு அத்தகைய குரல் எதுவும் கேட்கவில்லை. இறந்தார் என்ற உறுதியும் இன்றி, இருக்கிறார் என்ற உறுதியும் இன்றி, தாயகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அவர்கள் வாழ்வைத் தொடர்கின்றனர். அவர்களுள் சிலர் காத்திருப்பதையும் சிலர் புதிய துணை தேடுவதையும் எடைபோட ஆதிரையை அளவுகோலாக்குவது பெருந்தீங்காகும். அவளுக்குக் கிடைத்த செய்தி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இக்காதையிலிருந்து அவர்கள்பொருட்டு எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே: அவளைத் தீ ஏற்கவில்லை. துணையை இழந்தமையால் ஒருத்தி தன் வாழ்வையும் இழக்க வேண்டும் என்ற தீர்ப்பைத் தமிழ்க் காப்பியம் ஒன்று அன்றே திருப்பி அனுப்பியுள்ளது.

முடிவுரை

வெறும் பாத்திரத்தோடு வந்த மணிமேகலை, ஆதிரையின் மனைமுன்றிலில் வண்ணம் தீட்டாத ஓவியம்போலப் பேசாது நிற்கிறாள். ஆதிரை அவளை வலம்வந்து தொழுது, உலகின் பசிநோய் ஒழிக என வாழ்த்தி அமுதசுரபி நிறையப் பிச்சை இடுகிறாள். துறவுக் காப்பியம் இல்லறத்தாள் ஒருத்தியை ஏன் தேர்ந்தது என்ற முதல் வினாவுக்கு இக்காட்சியே விடை. இழப்பை அறியாத இல்லத்தில் செல்வம் இருந்திருக்கலாம்; துறந்தார் பள்ளியில் அருள் இருந்திருக்கலாம். வெறுமையாகி மீண்டும் நிறைந்த இல்லம் ஆதிரையுடையது. வெறும் பாத்திரத்தின் பொருளை அறிந்தவள் அவளே.

முறிந்த வாழ்வு மீள்வதைச் சாத்தனார் மூன்று நிலைகளில் காட்டியுள்ளார். தன் தவற்றின் சுமையைப் பிறர்மேல் ஏற்றாமை முதல்நிலை. அயலாரோடு பேசவும் அவர்தம் இரக்கத்தை ஏற்கவும் அறிதல் இரண்டாம் நிலை. துணை உடனிருப்பினும் இல்லாவிடினும் கொடுத்தலை நிறுத்தாமை மூன்றாம் நிலை. இம்மூன்றும் நிகழ்ந்த பின்னர் வரும் கூடலுக்கு அலங்காரம் தேவையில்லை. சந்திரதத்தனின் கலம் துறை சேர்கிறது. சாதுவன் இறங்கி வீடு செல்கிறான். அவன் வருமுன்னரே அவ்வீட்டில் அறம் நிகழ்ந்துகொண்டிருந்தது.